அப்பாவுக்கு எதிரே அமெரிக்கச் சிப்பாய்

அக்கா, செத்துப்போனவன் பக்கத்தில் துப்பாக்கியைச் சாத்திவைத்துப் போட்டோ எடுக்கிற ஆளை நீங்க எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? சிரிக்காதீங்க, நிஜமாகத்தான் கேட்கிறேன். அந்தத் துப்பாக்கியும் செத்தவனுடையது இல்லை. போட்டோ எடுக்கிறவனே வண்டியில் போட்டுக் கொண்டு வந்தது. நம்ம ஊர் ஸ்டுடியோவில் கல்யாணப் பெண் கையில் பிளாஸ்டிக் ரோஜாவைத் திணிப்பார்கள் பாருங்க, அதே மாதிரி.

இருங்க, இவனை இந்தப் பக்கம் போட்டுக்கொள்கிறேன். பேர் பவிஷ். டேய், பெரியம்மா கண்ணாடியைப் பிடுங்காதே. எதைப் பார்த்தாலும் பிடுங்க வேண்டும் இவனுக்கு.

முன்னால் டிரைவர் சீட்டுக்குப் பின்னே, பச்சைச் சேலை கட்டி, கோபமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு தலை தெரிகிறது இல்லையா? அதுதான் எங்க அம்மா, சீனியம்மாள். என் பக்கத்தில் இடம் இருந்தும் உட்கார மாட்டேன் என்று அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று சொல்ல வந்தால் அமெரிக்காவில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. என் தலையெழுத்து.

எங்க வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பாஸ்போர்ட், அப்புறம் சாவு. சாவு போட்டோவுக்குச் சுத்துப்பட்டில் அவரை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்களே விசாரித்துப் பாருங்க.

போன ஆடி மாதம். ஆடியில் எவன் கல்யாணம் வைக்கிறான்? கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் இளம்வழுதி சார் வந்தார். திருநெல்வேலியில் காலேஜ் வாத்தியார், சரித்திரம் நடத்துகிறவர். கதர் ஜிப்பா, தோளில் ஒரு துணிப்பை, பேசும்போது பாதிக் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம்.

“பழைய சாவு போட்டோ ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?” என்றார்.

“யாரு சாவு சார்?”

“யார் சாவுன்னாலும் பரவாயில்லை.”

யார் சாவு என்றாலும் பரவாயில்லை என்கிற மனுஷனை உட்காரவைத்து, நான் டீ வேறு போட்டுக் கொடுத்தேன். செத்தவர்களை யார் யார் எப்படிப் போட்டோ எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியாம். பையில் இருந்து கம்ப்யூட்டரை எடுத்துத் திறந்தார். அமெரிக்கா வந்தது.

அங்கே ஒரு காலத்தில், நம்ம பூட்டன் காலத்துக்கும் முந்தி, ஒரே நாட்டுக்காரனுக்குள்ளேயே சண்டை. தெற்கே இருந்தவன் கறுப்பு ஜனங்களை ஆடு மாடு மாதிரி விலைக்கு வாங்கி வேலை வாங்கிக்கொண்டிருந்தானாம். அதை விட மாட்டேன், தனி நாடாகப் போகிறேன் என்று நின்றான். போக விட மாட்டேன் என்று வடக்கே இருந்தவன் படை திரட்டினான். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நின்று சுட்டுக்கொண்டார்கள். அதுவரைக்கும் புரிகிறது. எங்க ஊரில் வரப்புத் தகராறுக்கே நடக்கிறது.

அந்தச் சண்டைக்குப் பின்னாலேயே போட்டோக்காரர்கள் குதிரை வண்டி கட்டிக்கொண்டு போனார்களாம். வண்டிக்குள்ளேயே இருட்டறை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். அதைக் கேட்டதும் எங்க வீட்டுக்காரர் ஆல்பம் ஒட்டுவதை விட்டுவிட்டு வந்து நின்றார். “காயுறதுக்குள்ளயா சார்? வெயில்லயா?” என்றார். அவருக்கு எங்கே போனாலும் தொழில்தான். சரி, கஷ்டமான வேலைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். பாராட்டு அதோடு முடிந்தது.

சண்டையை எடுத்தானா? இல்லை. அசைகிறது எதுவும் அந்தக் காமிராவில் ஒழுங்காக விழாதாம். ஓடுகிறவன் புகையாய்ப் போய்விடுவானாம். அதனால் சண்டை ஓயட்டும் என்று ஒதுங்கி இருந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு, கிடக்கிறவனை எடுக்கப் போவது. கிடக்கிறவன் எங்கே அசையப் போகிறான்? என்ன ஒரு வீரம் பாருங்க! எங்க பவிஷைக் காதுகுத்தில் எடுக்க எங்க வீட்டுக்காரர் பட்ட பாட்டில் பாதிகூட இல்லை.

சரி, கிடக்கிறவனைக் கிடக்கிறபடியாவது எடுத்தானா என்றால், அதுவும் இல்லை. ஒரு பையன் படம் காட்டினார். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. முதலில் ஒரு சரிவில் கிடக்கிறான், எடுத்திருக்கிறார்கள். அது மனசுக்குப் பிடிக்கவில்லை போல. போர்வையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய், பாறை இடுக்கில் கிடத்தி, தலைக்கு ஒரு பையை அண்டக்கொடுத்து, முகத்தை இந்தப் பக்கம் திருப்பிவைத்து, நான் சொன்னேனே, அந்தத் துப்பாக்கியையும் சாத்திவைத்து, மறுபடி எடுத்திருக்கிறார்கள். அப்புறம் கீழே கதை எழுதுவது: இந்தப் பாறைக்குப் பின்னே மறைந்திருந்து சுட்டவன், இங்கேயே விழுந்து செத்தான் என்று. ஒரு படத்தில் அவன் இந்தப் படை ஆள், இன்னொரு படத்தில் அந்தப் படை ஆள். ஒரே பையன், அக்கா! அவன் எந்தப் பக்கத்துக்காகச் செத்தான் என்பதைக்கூட இவன் இஷ்டத்துக்கு எழுதுகிறான்.

“இந்தப் பையன் பேரு என்ன சார்?” என்று கேட்டேன்.

“தெரியலைம்மா.”

“அவங்க அம்மாகிட்டக் கேட்டாங்களா, எடுக்கட்டுமான்னு?”

சார் சிரித்தார். “நல்ல கேள்விம்மா” என்று தன் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

இதைவிட ஒன்று. இந்தப் படங்களையெல்லாம் பட்டணத்தில் மாட்டி வைத்தார்களாம். ஜனம் வரிசை கட்டி வந்து பார்த்ததாம். பெரிய பாவாடை கட்டின பொம்பளைகள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார்களாம், கிடக்கிறதில் தன் பிள்ளை முகம் இருக்கிறதா என்று. நான் பவிஷை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் அங்கேயும் அந்தச் சார் பேனாவைப் பிடுங்கினான்.

எடுத்தவன் ஒருத்தன், பேர் போட்டுக்கொண்டவன் ஒருத்தனாம், அது வேறு. முதலாளி கடையில் உட்கார்ந்திருப்பார், வேலைக்காரன் சேற்றில் போய் எடுத்து வருவான், படத்துக்குக் கீழே முதலாளி பேர். “நம்ம பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடை ஸ்டுடியோக்காரர் அமெரிக்காவுலயும் இருந்திருக்காரு போல” என்றேன். எங்க வீட்டுக்காரர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்க வீட்டுக்காரர் வேலையைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. சாவு வீட்டுக்குப் போனதும் காமிராவை எடுக்க மாட்டார். மாலை மரியாதையெல்லாம் முடியும்வரை வெளியே நிற்பார். வீட்டு ஆள் வந்து கூப்பிட்டால்தான் உள்ளே போவார். நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வேட்டியை மார்போடு சேர்த்துப் பின்னால் கட்டி, முடிச்சு தெரியாமல் துண்டைப் போட்டு மறைப்பார். தாடைக்கட்டை அவிழ்த்துவிட்டு, நாடிக்குக் கீழே துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுப்பார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, எதுவும் படத்தில் வரக் கூடாது. சொந்தக்காரர்களைச் சுற்றி நிறுத்தி, “யாரும் அழாதீங்க, ஒரு நிமிஷம்” என்பார். அப்புறம் கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் கண்ணைத் திறந்துவிடுவார். இது அந்தச் செத்தவருக்குச் செய்கிற மரியாதை. எங்கேயாவது தூக்கிக்கொண்டு போய்ப் பாறையில் போட்டாரா? இல்லாத துப்பாக்கியை வைத்தாரா? கோட்டு கேட்கிறவர்களுக்குக் கோட்டு போட்டுக் கொடுப்பார், அது வேறு.

எங்க அப்பாவையும் அவர்தான் எடுத்தார். அப்போது எனக்கு அவர் யாரோ.

அப்பா பேர் சண்முகையா, விசைத்தறியில் வேலை. போட்டோ என்றாலே ஓடிவிடுவார். அம்மாவுக்குக் கல்யாணம் ஆன நாளில் இருந்து ஒரே ஆசை, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம். “இந்த லுங்கியோடயா? பொங்கலுக்குப் புதுச்சட்டை எடுப்பம்லா, அப்போ பாப்போம்” என்பார். எத்தனையோ பொங்கல் போனது. நான் பிளஸ் டூ முடித்த வருஷம், தறியில் நின்றவர் அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் புத்தியே இல்லை அன்றைக்கு. அழவும் இல்லை, பேசவும் இல்லை. பித்துப்பிடித்த மாதிரி இருந்தவளைக் கூட்டிவந்து அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு வைத்திருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் எடுத்தார்.

மறுநாள் இவர் வீட்டுக்கு வந்து நிற்கிறார். கண்ணைத் திறக்க வேண்டும், அப்பா கண் திறந்திருக்கிற படம் ஏதாவது இருக்கிறதா என்று. ஓட்டு அட்டை ஒன்றுதான் இருந்தது, அதில் முகமே கரித்துணி. இவர் என்னையே பார்த்தார். “கண்ணு அப்படியே அப்பா ஜாடைன்னு எல்லாரும் சொல்லுதாங்க. உங்களை ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா?” என்றார். எடுத்தார். “அழுத கண்ணு, செவந்து கெடக்கு, நாளைக்கு வாரேன்” என்று போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். சிவப்பு போகவே இல்லையாம் அவருக்கு! கடைசியில் என் கண்ணைக் கொண்டுபோய் அப்பாவுக்கு வைத்தார், அடுத்த வருஷம் ஆளையும் கொண்டுபோய்விட்டார்.

படம் வந்ததும் அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்குத்தான் பேசினாள். “ஒருவழியா உக்காந்துட்டாரே” என்றாள். அதில் இருந்து அம்மாவுக்கு அது அப்பா உயிரோடு இருக்கும்போது எடுத்த படம். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவாள், “ஆசையாக் கேட்டேன், புதுச்சட்டை போட்டு உக்காந்தாரு. அப்பத்தான் குளிச்சிருந்தாரு, கையைப் பிடிச்சா ஜில்லுன்னு இருந்துச்சு.” குளித்த கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். நாங்கள் யாரும் மறுத்துப் பேசுவது கிடையாது. சில நாள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உன்னை மாதிரியேல்லா முழிக்காரு” என்பாள். விவரமே தெரியாது அவளுக்கு.

இத்தனையையும் நான் இளம்வழுதி சாரிடம் சொன்னேன். கேட்டார், சொன்னேன். அவர் அமெரிக்கக் கதை சொன்னார், நான் எங்க கதையைச் சொன்னேன், மரியாதைக்கு மரியாதை. கண்ணைக்கூடச் சொன்னேன். அவர் உருகிப்போனார். படத்தைக் கேட்டார். “கண்காட்சி வைக்கப் போறேம்மா, பெரிசு பண்ணி மாட்டுறேன்” என்றார். அப்பா போட்டோவுக்கு ஓடின மனுஷன், காலேஜில் தொங்கட்டுமே என்று கொடுத்தோம்.

திறப்பு விழாவுக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன், அக்கா. வாசலில் பேனர், ‘பொய் சொன்ன படங்கள்’ என்று. அமெரிக்காக்காரனைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறேன். ஒரு சுவரில் அந்தப் பாறை இடுக்குப் பையன். எதிர்ச்சுவரில், கதவு அளவுக்கு, எங்க அப்பாவும் அம்மாவும்.

கீழே அட்டையில், இங்கிலீஷிலும் தமிழிலும்: ‘சண்முகையா, விசைத்தறித் தொழிலாளி. இறந்த பின் நாற்காலியில் கட்டி உட்காரவைத்து எடுக்கப்பட்டது. கண்கள் அவருடையவை அல்ல.’

எங்க வீட்டுக்காரர் வாசித்தார். “பிரேம் கோணலா இருக்கு” என்று மட்டும் சொல்லி, அதை நேராக்கிவிட்டு வந்துவிட்டார்.

நான் விடுவேனா? சாருக்குப் போன் போட்டேன். “சார், படம் இருக்கட்டும், அந்த அட்டையை மட்டும் எடுத்துருங்க” என்றேன்.

“ஏம்மா? அதுல பொய் ஒண்ணும் இல்லையே. நீங்க சொன்னதுதானே?”

“டீ குடுக்கும்போது சொன்னதைச் செவத்துல எழுதச் சொன்னேனா?”

“இது ஆய்வும்மா. உங்க அப்பாவைக் குறைச்சுச் சொல்லல. அந்தப் போர்க்களப் புகைப்படக்காரங்க செஞ்சதும் இதுவும் அடிப்படையில…”

“எது சார் அடிப்படையில? அவன் ஊரான் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயி எடுத்தான். நாங்க எங்க அப்பாவை எங்க வீட்டு நாற்காலியில உக்கார வெச்சோம். பக்கத்துல எங்க அம்மா இருக்கா. இது ஒண்ணா?”

“நன்றி சொல்ற இடத்துல உங்க பேரையும் போட்டிருக்கேம்மா, ஆவுடைச்செல்வின்னு” என்றார். வாத்தியார் புத்தி. போனை வைத்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பையன் அந்தக் காலேஜில்தான் படிக்கிறான். அவன் போய் அம்மாவிடம், “அத்தை, மாமா போட்டோ எங்க காலேஜ்ல கதவு சைசுக்கு மாட்டிருக்கு” என்று சொல்லிவிட்டான். அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. தெரு முழுக்கப் போய், “எம் புருசன் கதவளவு இருக்காராம்லா” என்று சொல்லிவிட்டு வந்து, “கூட்டிட்டுப் போட்டி” என்று உட்கார்ந்துவிட்டாள்.

மழை என்றேன். காலேஜ் லீவு என்றேன். முடிந்துபோச்சு, படத்தையெல்லாம் கழற்றிவிட்டார்கள் என்றேன். அந்தப் பையன் நேற்று வந்து, “இல்லத்தை, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கு” என்கிறான். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “நீ பொய் சொன்னா உன் கண்ணு காட்டிக்கொடுத்துரும்ட்டி. எனக்கு அந்தக் கண்ணு தெரியாதா?” என்றாள். அதோடு பேச்சை நிறுத்தியவள்தான். காலையில் பச்சைச் சேலை கட்டி வாசலில் நிற்கிறாள். படத்தில் கட்டியிருக்கிற அதே சேலை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தேன்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் வாசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறும்போது சொன்னேன். “நீ வாசிக்காண்டாம். அங்க கண்ணாடி போட்ட ஆளு யாராவது நிப்பாங்க, அவங்க வாசிக்கட்டும்” என்று அதற்கு மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். அங்கே நிற்பதெல்லாம் படிக்கிற பிள்ளைகள், அக்கா. இருக்கிறதை இருக்கிறபடியே வாசித்துவிடுவார்கள். கட்டி உட்காரவைத்தது, கண் அவருடையது இல்லை என்று, எல்லார் நடுவிலும், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போய் நிற்கிறவள் காதில். இத்தனை வருஷம் அவளைப் பேசவைத்து, சாப்பிடவைத்துக்கொண்டிருக்கிற படம் அது. அமெரிக்காக்காரன் பொய்யைக் காட்டப் போய் எங்க அம்மா புருஷனைப் பறிக்கிறார் அந்தச் சார்.

மானூர் தாண்டிவிட்டது. நீங்களும் அந்தக் காலேஜ் ஸ்டாப்தான் என்று டிக்கெட் வாங்கும்போது காதில் விழுந்தது. கண்ணாடியும் போட்டிருக்கீங்க. பார்த்ததும் டீச்சர் என்று நினைத்தேன், இல்லையென்றாலும் பரவாயில்லை, அம்மாவும் அப்படித்தான் நினைப்பாள்.

நீங்க எங்களோடு வர வேண்டாம், கொஞ்சம் முன்னாலேயே உள்ளே போயிருங்க. அந்தப் பாறைப் பையன் படத்துக்கு முன்னால் நில்லுங்க, யாரோ பார்க்க வந்த மாதிரி. பை தோளிலேயே இருக்கட்டும், கீழே வைக்காதீங்க. அம்மா எப்படியும் கண்ணாடியைப் பார்த்ததும் உங்ககிட்டத்தான் வருவாள். கேட்டதும் உடனே ஆரம்பிக்காதீங்க. கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, மனசுக்குள் ஒருதரம் வாசிக்கிற மாதிரி உதட்டை அசைங்க. விரலை அட்டையில் வைத்து, கோடு கோடாக நகர்த்துங்க. மூணு வரிதான், சின்னதாக வாசித்தால் போதும்: ‘சண்முகையா, விசைத்தறித் தொழிலாளி. மனைவி சீனியம்மாள் ஆசைப்பட்டுக் கேட்டதால், புதுச்சட்டை போட்டு, குளித்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம்.’

என்னைப் பார்க்காதீங்க. என்னைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துபோகும். அம்மா முகத்தைப் பார்த்தே சொல்லுங்க.

எங்கே, இப்போ ஒருதரம் எனக்கு வாசித்துக் காட்டுங்கக்கா.